மீனாட்சிக்கு ஓர் அயர்லாந்து மெட்டு

கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்புச் சட்டை, தோளில் மஞ்சள் குஞ்சலம், தலையில் தொப்பி. முன்னால் ஒருவர் கிளாரினெட் ஊதிக்கொண்டு போவார். பின்னால் ஒருவர் பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்க நடப்பார்.

ராஜபாளையத்தில் நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியராக இருந்தபோது, அப்படிக் கிளாரினெட் வாசிப்பவர் ஒருவரின் மகன் என் வகுப்பில் படித்தான். முகூர்த்த நாள் வந்தால் பையன் பள்ளிக்கு வரமாட்டான். மறுநாள் லீவு லெட்டரோடு வந்து நிற்பான். ஒவ்வொரு முறையும் காய்ச்சல் என்றே எழுதியிருக்கும். ஆவணியிலும் தையிலும் அவனுக்கு வாரத்துக்கு இரண்டு காய்ச்சல்!

அப்பாவுடன் டிரம் அடிக்கத்தான் அவன் போகிறான் என்பது தெருவுக்கே தெரியும். அவன் வகுப்புக்குள் நுழையும்போதே பெஞ்சில் தாளம் போட்டுக் கேலி செய்வார்கள். ஒருநாள் அவன் என்னிடம் வந்தான். நாதஸ்வரம்தான் நம்ம சங்கீதமாம், பேண்டு வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன குப்பையாம், நிஜமா சார் என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் சொல்கிறேன் என்று சமாளித்து அனுப்பிவிட்டேன்.

அந்தப் பதில் எனக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையில் கிடைத்தது. அவர் பெயர் முத்துசுவாமி தீட்சிதர்.

கர்நாடக சங்கீதத்தின் மும்மூர்த்திகள் யார் என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர். மூவரும் பிறந்தது திருவாரூரில். மூவரில் இளையவர் தீட்சிதர். 1775-ஆம் ஆண்டு பங்குனி மாதம் கிருத்திகை நட்சத்திரத்தில் பிறந்தார். அப்பா ராமசாமி தீட்சிதரும் பெரிய வித்வான். கச்சேரிகளில் முதலில் பாடுகிறார்களே, ஹம்சத்வனி ராகம், அதை உருவாக்கியவர் அவர்தான். வெகுநாள் பிள்ளை இல்லாமல் வைத்தீஸ்வரன்கோயில் முத்துக்குமாரசுவாமியை வேண்டிக்கொண்ட பிறகு பிறந்த குழந்தை. அதனால் முத்துசுவாமி என்று பெயர் வைத்தார்கள். அவருக்குப் பின் சின்னசாமி, பாலுசாமி என்று இரண்டு தம்பிகள், பாலாம்பாள் என்று ஒரு தங்கை.

சென்னைக்குப் பக்கத்தில் மணலி என்ற ஊர் இருக்கிறது அல்லவா? இப்போது அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அந்தக் காலத்தில் அது ஒரு செல்வந்தரின் ஊர். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாஷியாக இருந்தவர். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்து, வெள்ளைக்காரருக்கும் நம் மக்களுக்கும் இடையே பேசிக் காரியம் நடத்துபவர். திருவாரூர்க் கோயிலுக்கு வந்த இடத்தில் அவர் ராமசாமி தீட்சிதரின் பாட்டைக் கேட்டார். மயங்கிப்போய்க் குடும்பத்தையே மணலிக்கு அழைத்து வந்துவிட்டார். அவருக்குப் பிறகு அவர் மகன் சின்னையா முதலியார் ஆதரித்தார்.

இந்தச் சின்னையா முதலியார் அடிக்கடி புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போவார். தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகளும் கூடப் போவார்கள். கோட்டையில் கம்பெனிப் பட்டாளத்தின் பேண்டு வாசிக்கும். பட்டாளத்தில் இங்கிலாந்துக்காரர்கள் மட்டுமா? அயர்லாந்துக்காரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் உண்டு. கப்பலில் ஆறு மாதம் கடலில் மிதந்து வந்தவர்கள். துப்பாக்கியோடு தங்கள் ஊர்ப் பாட்டையும் கொண்டு வந்திருந்தார்கள். அணிவகுப்புக்கு ஒரு பாட்டு, ஆட்டத்துக்கு ஒரு பாட்டு, ஊர் நினைப்பு வந்தால் ஒரு பாட்டு.

கற்பனை செய்து பாருங்கள். நெற்றியில் விபூதி, கட்டுக்குடுமி, வேதமும் வீணையும் படித்த பிள்ளைகள். அவர்கள் கோட்டைக்குள் நின்று அயர்லாந்து ஆட்டப் பாட்டைக் கேட்கிறார்கள்! அந்த நாளில் கடல் தாண்டிப் போவதே தீட்டு என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் ராமசாமி தீட்சிதர் பிள்ளைகளின் காதைப் பொத்தவில்லை. எனக்கு இந்த இடத்தில் மகனைவிட அப்பாவைத்தான் அதிகம் பிடிக்கிறது.

கடைசித் தம்பி பாலுசாமிக்குப் பிடில்மேல் ஆசை வந்துவிட்டது. பிடில் என்றால் வயலின்தான். எங்கள் தாத்தா காலத்தில் பிடில் என்றே சொல்வார்கள். சின்னையா முதலியார் ஒரு வெள்ளைக்கார வித்வானை ஏற்பாடு செய்து பாலுசாமிக்கு மூன்று ஆண்டுகள் பாடம் சொல்லவைத்தார். பாலுசாமி பழகியதோடு நிற்கவில்லை. அதில் நம் ராகங்களை வாசிக்க ஆரம்பித்தார்.

வீணையில் 24 மெட்டுகள் உண்டு (பாட்டின் மெட்டு வேறு, இந்த மெட்டு வேறு, வீணையில் தந்திக்குக் கீழே வரிசையாகப் பதித்த பித்தளைக் கட்டைகள் இவை). பிடிலில் அப்படி எதுவும் கிடையாது. விரலை வழுக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம், எப்படி வேண்டுமானாலும் அசைக்கலாம். வாய்ப்பாட்டின் கமகங்கள் அப்படியே வந்துவிடும். வெள்ளைக்காரர்கள் நின்றுகொண்டு தாடையின் கீழ் வைத்து வாசிக்கிறார்கள். நம்மவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிடிலின் தலையைக் கணுக்காலில் சாய்த்து வைத்துக்கொண்டார்கள். தந்திகளின் சுருதியையும் சா-பா-சா-பா என்று மாற்றிக்கொண்டார்கள். அவ்வளவுதான், பிடில் நம்முடையதாகிவிட்டது! இன்று எந்தக் கச்சேரிக்குப் போனாலும் பாடகருக்குப் பக்கத்தில் வயலின் இருக்கிறது. இது இருநூறு ஆண்டுக்கு மேல் இங்கே குடியிருக்கும் விருந்தாளி என்று யாருக்காவது நினைப்பு வருகிறதா?

அண்ணன் முத்துசுவாமியோ மெட்டுகளைப் பிடித்துக்கொண்டார். கோட்டைப் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்குச் சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள், எழுதினார். ஏறக்குறைய நாற்பது பாட்டுகள். பெரும்பாலும் சமஸ்கிருதத்தில், சாமி பெயரில். ஆங்கிலத்தில் ஸ்வரத்துக்கு நோட்டு என்று பெயர் அல்லவா? அதனால் இவற்றுக்கு நோட்டு ஸ்வர சாகித்யம் என்று பெயர் வந்தது. எல்லாமே நம் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில், கமகம் இல்லாமல், நேர் நேராகப் போகும். ஆரம்பம் படிக்கும் குழந்தைகளுக்குக்கூட எளிதாக நாக்கில் உட்காரும்.

இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன்.

அயர்லாந்தில் மாலோ என்று ஓர் ஊர். அங்கே உடம்புக்கு நல்லது என்று பேர்பெற்ற ஊற்று ஒன்று இருந்தது. அந்த ஊற்றுத் தண்ணீரைச் சாக்கு வைத்து வந்து கூத்தடித்த ஊதாரி இளைஞர்களைப் பற்றிய பாட்டு 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'. குடித்துக் கும்மாளமிட்டு ஜன்னலை உடைக்கிறவர்களின் பாட்டு! அந்த மெட்டில் தீட்சிதர் மதுரை மீனாட்சியைப் பாடினார். 'வந்தே மீனாட்சி' என்று அந்தப் பாட்டுக்குப் பெயர். போக்கிரிப் பிள்ளையைக் குளிப்பாட்டிக் கோயிலுக்கு அழைத்துவந்த மாதிரி இருக்கிறது, இல்லையா?

'காட் சேவ் த கிங்' என்பது இங்கிலாந்தின் தேசிய கீதம். அதன் மெட்டில் சங்கீத தேவதையான சியாமளாவைப் பாடினார். 'சந்ததம் பாஹிமாம்' என்ற பாட்டு அது. அந்த மெட்டைப் போட்டது யார் என்று இங்கிலாந்திலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. 1745-இல் லண்டன் நாடகக் கொட்டகைகளில் பாடினார்கள். அங்கிருந்து அது ஊர் ஊராகப் போயிற்று. 1831-இல் அமெரிக்காவில் ஒருவர் அதே மெட்டில் தம் நாட்டைப் போற்றிப் பாட்டு எழுதிவிட்டார். இங்கிலாந்து ராஜாவோடு சண்டை போட்டு விடுதலை வாங்கியவர்கள், ராஜாவின் பாட்டு மெட்டை மட்டும் விடவில்லை! லிச்சென்ஸ்டைன் என்ற குட்டி நாட்டின் தேசிய கீதத்துக்கும் இதே மெட்டுதான்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் ஆச்சரியமானது. ஸ்காட்லாந்தில் 'லார்டு மெக்டொனால்ட்ஸ் ரீல்' என்று ஒரு பிடில் மெட்டு. ரீல் என்றால் வேகமான ஆட்டம். பஞ்சம் பிழைக்க அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் பிடிலோடு அதையும் கொண்டுபோனார்கள். அங்கே மலைக் கிராமங்களில் அதற்கு 'லெதர் பிரீச்சஸ்', அதாவது தோல் கால்சட்டை, என்று பெயர் மாறிவிட்டது. இன்றும் அமெரிக்கக் கிராமத்துப் பிடில்காரர்கள் வாசிக்கிறார்கள். அதே மெட்டு இன்னொரு கப்பலில் கிழக்கே வந்து சென்னைக் கோட்டையில் இறங்கியது. தீட்சிதர் கையில் 'ஜகதீச குருகுஹ' என்ற பாட்டாயிற்று. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர், ஒருவர் தோல் கால்சட்டையில், மற்றவர் பஞ்சகச்சத்தில்!

அமெரிக்காவைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீட்சிதரின் கடைசிக் காலத்தில், 1830-களில், அங்கே ஒருவகை மேடைக் கூத்து பிரபலமானது. வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின அடிமை மக்களைப் போல ஆடிப்பாடிக் கேலி செய்வார்கள். கொட்டகை நிறையச் சிரிப்பு. கேலிக்காரர்கள் கையில் பிடிலும் பாஞ்சோவும். பாஞ்சோ எங்கிருந்து வந்தது தெரியுமா? கேலி செய்யப்பட்ட அதே மக்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து நினைவில் சுமந்துவந்த வாத்தியம் அது. தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களில் எத்தனையோ பேர் அருமையான பிடில் வித்வான்களும்கூட. அந்தக் கூத்து மேடையில் 1834 வாக்கில் பரவிய ஒரு மெட்டுதான் பிற்பாடு 'டர்க்கி இன் த ஸ்ட்ரா', அதாவது வைக்கோலில் வான்கோழி, என்ற பெயரில் உலகம் சுற்றியது. அமெரிக்காவில் ஐஸ்கிரீம் வண்டிகள்கூட அதை வாசித்துக்கொண்டு போகும். அதன் பூர்வீகம் அயர்லாந்தா, இங்கிலாந்தா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

ஒரே காலம், ஒரே பிடில். அங்கே அடுத்தவர் பாட்டை எடுத்துக்கொண்டு அவரையே கேலி செய்தார்கள். இங்கே ஒருவர் அடுத்தவர் பாட்டை எடுத்துச் சாமி சந்நிதியில் வைத்தார்.

சரி, தீட்சிதரிடம் திரும்புவோம்.

மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி என்பவர் முத்துசுவாமியைத் தம்மோடு காசிக்கு அழைத்துப் போனார். அங்கே சில ஆண்டுகள் இருந்தார். வடநாட்டு இசையை நிறையக் கேட்டார். கங்கையில் அவருக்கு ஒரு வீணை கிடைத்தது என்று கதை சொல்வார்கள். திரும்பி வந்து திருத்தணி மலையில் உட்கார்ந்திருந்தபோது, முருகனே கிழவர் வடிவில் வந்து வாயில் கற்கண்டு போட்டதாகவும் சொல்வார்கள். அன்றிலிருந்து பாட்டு ஊற்றெடுத்ததாம். குருகுஹ என்று முருகன் பெயரையே தம் பாட்டுகளில் முத்திரையாக வைத்தார்.

பிறகு காஞ்சிபுரம், திருவாரூர், தஞ்சாவூர் என்று ஊர் ஊராக நடந்தார். எந்தக் கோயிலுக்குப் போனாலும் அங்கே ஒரு கிருதி. நானூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள் கிடைத்திருக்கின்றன. ராஜாக்களைப் பாடிப் பரிசு வாங்கும் பழக்கம் அவரிடம் இல்லை. வீட்டில் அரிசி இல்லாத நாளும் உண்டு. தஞ்சையில் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் அவரிடம் பாடம் கேட்டார்கள். பரதநாட்டியத்துக்கு இன்றுள்ள வரிசையை அமைத்துக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். கடைசிச் சகோதரர் வடிவேலு பிடிலில் கெட்டிக்காரர். திருவாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்தத்தில் செய்த பிடிலையே பரிசாகக் கொடுத்தார்.

இனிமேல்தான் தீட்சிதர் நம்ம பக்கம் வருகிறார்!

தம்பிகள் இருவரும் அவரைப் பிரிந்து தெற்கே போயிருந்தார்கள். சின்னசாமி மதுரையில் இறந்துவிட்டார். பாலுசாமியோ பிடிலோடு எட்டயபுரம் போய், அங்கே சமஸ்தான வித்வானாகிவிட்டார். இதைக் கேள்விப்பட்ட அண்ணன் தம்பியைப் பார்க்கப் புறப்பட்டார். ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. மதுரையைத் தாண்டி வந்தால் கரிசல் காடு. வழியில் சாத்தூர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி வழியாகப் போனால் பக்கத்தில் இருக்கிறதே, சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பெயர் பெற்ற அதே சாத்தூர்தான்.

அது மழை பொய்த்த நேரம். நமக்கு மேற்கே மலை இருக்கிறது, கண்மாய் இருக்கிறது. சாத்தூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை இல்லாவிட்டால் கம்பும் இல்லை, சோளமும் இல்லை, பருத்தியும் இல்லை. கரிசல் மண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துவிடும். மாட்டின் கால் உள்ளே போகும் அளவுக்கு வெடிப்பு இருக்கும். அந்த வெடிப்புகளையும் மெலிந்த மாடுகளையும் பார்த்துத் தீட்சிதர் மனம் உருகினார். அமிர்தவர்ஷினி ராகத்தில் 'ஆனந்தாமிர்தகர்ஷிணி' என்று அம்பிகையைப் பாடினார். மழை கொட்டியதாம். கொட்டிய மழை நிற்காமல் வெள்ளமாகப் போகவே, பாட்டில் ஒரு சொல்லை மாற்றிப் பாடி அதை நிறுத்தினாராம்!

பாட்டுக்கு மழை வருமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். என் வகுப்புப் பிள்ளைகளும் கேட்டார்கள். வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி இது. எனக்குத் தெரிந்தது ஒன்று: கரிசல் காட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் குரல் கம்மிவிடும். என் அப்பாவுக்கும் அப்படித்தான்.

தீட்சிதர் எட்டயபுரம் சேர்ந்தபோது அங்கே பாலுசாமிக்குக் கல்யாண ஏற்பாடு நடந்துகொண்டிருந்ததாம். அண்ணனும் தம்பியும் எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு சந்தித்தார்கள். கோட்டைப் பேண்டைக் கேட்டு நின்ற சின்னப் பிள்ளைகள் இப்போது தலை நரைத்தவர்கள். எட்டயபுரம் அரசர் அவரைத் தம் ஊரிலேயே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். அங்கிருந்து கழுகுமலை பக்கம். ராஜபாளையத்துக்காரர்கள் சங்கரன்கோவில் வழியாகக் கழுகுமலைக்குப் போவோமே, அந்த முருகனையும் தீட்சிதர் சுத்த தன்யாசி ராகத்தில் பாடியிருக்கிறார்.

1835-ஆம் ஆண்டு தீபாவளி. அன்று காலை பூஜை முடித்துச் சீடர்களைப் பாடச் சொன்னார். அவர்கள் பாடியது மீனாட்சியைப் பற்றி அவரே இயற்றிய 'மீனாட்சி மேமுதம்' என்ற கிருதி. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. அறுபது வயது. எட்டயபுரத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. பாரதியார் பிறந்த வீட்டைப் பார்க்கச் சுற்றுலா போகும் பள்ளிப் பிள்ளைகள் இதையும் பார்த்துவிட்டு வரலாம். நிறையப் பேர் பார்க்காமல் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

பாட்டுகள் எப்படிப் பிழைத்தன? பாலுசாமி தம் மகள் வயிற்றுப் பேரனையே தத்து எடுத்து வளர்த்தார். 1839-இல் பிறந்த அந்தப் பிள்ளைதான் சுப்பராம தீட்சிதர். மாணவர்களைத் தவிர வேறு யாருக்கும் பாட்டைச் சொல்லிக்கொடுக்காத காலம் அது. வித்வான் போனால் வித்தையும் போய்விடும். சுப்பராம தீட்சிதர் வயதான காலத்தில் உட்கார்ந்து, தமக்குத் தெரிந்த அத்தனையையும் ஸ்வரத்தோடு தெலுங்கில் எழுதி, 1904-இல் எட்டயபுரத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்று அந்தப் பெரிய நூலுக்குப் பெயர். மறு ஆண்டு, ஆரம்பப் பாடம் படிப்பவர்களுக்கு என்று ஒரு புத்தகம் போட்டார். நோட்டு ஸ்வரப் பாட்டுகளைச் சேர்த்தது அதில்தான். அதற்கு அடுத்த ஆண்டு காலமானார். அவர் மறைவுக்குப் பாரதியார் இரங்கற்பா பாடியிருக்கிறார். அந்தப் புத்தகம் வராமல் போயிருந்தால் மாலோ ஊர்ப் போக்கிரிகள் மீனாட்சியிடம் வந்த கதை நமக்கு எப்படித் தெரியும்?

இதையெல்லாம் நான் ஒரே நாளில் தெரிந்துகொள்ளவில்லை. வானொலியில் ஒருமுறை நோட்டு ஸ்வரம் கேட்டேன். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் பாட்டு சொல்லித்தரும் ஓர் அம்மாவிடம் விசாரித்தேன். அவர் 'சந்ததம் பாஹிமாம்' பாட்டை என் நோட்டில் எழுதிக்கொடுத்து, இரண்டு முறை பாடியும் காட்டினார். அன்று மாலையே ராஜபாளையத்தில் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். வாத்தியார் வீடு தேடி வருகிறார் என்றதும் பையன் அரண்டுபோய் உள்ளே ஓடிவிட்டான். காய்ச்சல் விஷயம் வெளிவந்துவிட்டது என்று பயம்.

திண்ணையில் உட்கார்ந்து அந்த மெட்டை எனக்குத் தெரிந்த அளவில் முணுமுணுத்துக் காட்டினேன். என் குரல் அவ்வளவு நன்றாக இருக்காது. பையனின் அப்பா இரண்டாவது அடியிலேயே தலையை ஆட்டினார். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தார். கிளாரினெட்டைப் பூட்டி, நான் நிறுத்திய இடத்திலிருந்து மீதியை வாசித்து முடித்தார்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்ததாம். ராஜா பாட்டு என்று வீட்டில் சொல்வார்களாம். வெள்ளைக்கார அதிகாரிகள் வந்தால் வாசிக்க வேண்டியிருந்ததாம். சுதந்திரத்துக்குப் பிறகு அதை வெளியில் வாசிப்பதில்லை, விரல் மறந்துவிடக் கூடாது என்று வீட்டில் மட்டும் வாசித்துப் பார்ப்பாராம். அதற்கு நம் தீட்சிதர் எழுதிய சொற்கள் இருக்கின்றன என்றதும் இன்னொரு முறை சொல்லுங்கள் சார் என்று கேட்டார். நான் கதையை முழுதும் சொன்னேன். பையன் கதவோரம் வந்து நின்றுகொண்டிருந்தான். அவன் அம்மா காபி கொண்டுவந்தார். என் நோட்டிலிருந்து பையன் பாட்டைப் பார்த்து எழுதிக்கொண்டான்; சமஸ்கிருதச் சொற்களில் ஆறு பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.

அடுத்த முகூர்த்தம் ஒரு புதன்கிழமை வந்தது. வழக்கம்போல அவன் பெஞ்சில் இடம் காலி. வியாழக்கிழமை லீவு லெட்டரோடு வந்தான். இந்தமுறை காய்ச்சல் என்று எழுதவில்லை. கல்யாணத்தில் அப்பாவுடன் டிரம் வாசிக்கப் போயிருந்ததாக, கொட்டை எழுத்தில், தன் கையாலேயே எழுதியிருந்தான்.